பசுமாட்டுக்கு ஏழு நிமிடம்

அமைதியைச் சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஓர் அம்மா காரைக்குடிக்கு வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அதுவரை எங்களுக்கு அமைதி என்றால் கரண்ட் போனால் வருவது என்றுதான் தெரியும். மிக்சி நிற்கும், டிவி நிற்கும், எதிர்வீட்டு டேப் ரெக்கார்டர் நிற்கும். ஐந்து நிமிடம் காதுக்கு ஓய்வு. அப்புறம் ஏன் கரண்ட் போச்சு என்று தெருவே வாசலுக்கு வந்து கத்த ஆரம்பிக்கும். அமைதி அத்தோடு முடிந்துவிடும்.

அந்த அம்மா வந்து இறங்கியது எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில். பெரிய வார்த்தையைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அது ஒரு பழைய வீடு. உடையவர்கள் எங்கோ வெளிநாட்டில். பூட்டியே கிடந்தால் வௌவால் குடியேறிவிடும் என்று முன் ஹாலையும் இரண்டு அறைகளையும் திறந்துவிட்டிருந்தார்கள். கண்டனூர்ப் பக்கம் கல்யாணத்துக்குக் கல்யாணம் மட்டும் வெளிச்சம் பார்க்கிற வீடுகளிலிருந்து அண்டா, குண்டா, இடியாப்ப உரல், முழங்கை நீளப் பூட்டு என்று வாங்கிவந்து வரிசையாக வைத்து, ‘தொடாதீர்கள்’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஆண்கள் உள்ளே போய், தன் வீட்டுப் பரணில் கிடப்பது இதைவிடப் பெரிசு என்று சொல்லிவிட்டு வெளியே வருவார்கள். பெண்கள் அதற்கும் ஒரு படி மேலே. காவலாளி அங்குட்டுத் திரும்பினால் போதும், குண்டாவைத் தூக்கிச் சாய்த்து, விளிம்பில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று படித்துவிடுவார்கள். அவர்களுக்கு வரலாறு என்றால் அதுதான்: யார் வீட்டுப் பாத்திரம், எப்படி இங்கே வந்தது, ஏன் வந்தது.

எனக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம் என்ன என்றால், ஜமக்காளம். நான் விசேஷங்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவன். நாற்காலி, மேசை, சமையல் பாத்திரம், ஜமக்காளம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். மிச்சப் படிப்பெல்லாம் கல்யாணப் பந்திகளில் படித்ததுதான். யார் நல்ல பேச்சாகப் பேசினாலும் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். ஒரு சமையல்காரர், மூன்றாவது தடவை ரசம் கேட்ட சம்பந்தி வீட்டுக்காரரிடம், “குடிக்கவா, குளிக்கவா? சொன்னீகன்னா அதுக்குத் தக்கன சூடு பண்ணித் தாரேன்” என்றார். அதைக்கூட எழுதி வைத்திருக்கிறேன். சம்பந்தம் முறிந்ததா என்பதை மட்டும் எழுதவில்லை.

அந்த அம்மா என் கடையில் பன்னிரண்டு ஜமக்காளம், ஆறு மேசை வாடகைக்கு எடுத்தார். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து படம் வரைய வேண்டுமாம். அதன் வழியாக அமைதியையும் பண்பாட்டையும் பற்றி யோசிக்க வேண்டுமாம். ஊர் முழுக்க நோட்டீஸ் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, அனைவரும் வருக.

அனைவரும் வரவில்லை. ஒரே ஒரு குடும்பம் வந்தது. அரசுப் பள்ளி வாத்தியார் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதா கோயில் பூசை முடிந்து நேரே வந்திருந்தார்கள். கிறிஸ்தவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துக் கிளம்பிப் பழகியவர்கள். மற்ற ஊர் அந்த நேரத்தில் கறிக்கடையில் நின்றது. பதினொரு ஜமக்காளம் சும்மா கிடக்க, ஒரு ஜமக்காளத்தில் அமைதி நிலவியது.

“ஏன் சார் யாரும் வரலை? இந்த ஊர் ஜனங்களுக்குக் கலையில ஆர்வம் இல்லையா?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். முகம் வாடியிருந்தது.

நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்கவெல்லாம் வேண்டியதில்லை. என் கடைக்கு எதிரே உள்ள டெய்லரிடம் நோட்டீஸ் பற்றிக் கேட்டேன், அவ்வளவுதான், தையல் மிஷினை நிறுத்திவிட்டார்.

“யாரு கூப்பிட்டாக எங்களை? கதவு இடுக்குல காயிதத்தைச் சொருகிட்டுப் போனா அது அழைப்பா? கரண்டு பில்லுக்காரன் கூட ஆளைப் பாத்துக் கையில குடுத்துட்டுப் போறான்.”

இதை நான் அந்த அம்மாவிடம் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொன்னேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து, வீட்டுப் பெரியவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது அழைப்பு. வெற்றிலையை எடுத்துக்கொண்டார்கள் என்றால் காய்ச்சலோடாவது வந்து நிற்பார்கள். கூப்பிடாத இடத்துக்குச் சும்மா கிடைத்தாலும் வரமாட்டார்கள்.

“அப்போ வெற்றிலை பாக்கோட போய்க் கூப்பிடலாம் சார். யார் யார் வீட்டுக்குன்னு நீங்களே சொல்லுங்க” என்றார் அவர்.

பாவம், யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் என் மண்டைக்குள் ஒரு பல்பு எரிந்தது. அது அமைதிக்காக எரிந்த பல்பு அல்ல. என் மச்சானுக்காக எரிந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அரியக்குடியில் விவசாயம். மூன்று வருடமாக எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. காரணம் சொத்து அல்ல, நிலம் அல்ல. ஒரு பசுமாடு. அதுவும் வாடகை மாடு.

மூன்று வருடத்துக்கு முன் புது வீடு கட்டிக் குடிபோனோம். பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவர வேண்டியவர் மச்சான். அவரும் குறை வைக்கவில்லை. இருபத்தொரு தட்டு, என் மனைவி பெயரும் மகள் பெயரும் வெட்டிய பித்தளை அண்டா, நாதசுரம், தவில். தெருமுனையில் இறங்கி, மேளத்தோடு நடந்து வந்தார். ஊரே வாசலில் நின்று பார்த்தது. பார்க்காதது ஒன்றே ஒன்று, வீடியோ கேமரா.

அந்த நேரத்தில் வீடியோக்காரர் பின்கட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தது நான்தான். விடியுமுன்பே வந்து நின்ற மனிதர். மாடு உள்ளே வருவது, பால் பொங்குவது எல்லாம் எடுத்துவிட்டுக் கண் குழிந்து நின்றார். பசித்த முகத்தைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. தொழில் அப்படி. “வாங்க தம்பி, இலை போட்டாச்சு” என்றேன். “சீர் வந்துருமேண்ணே” என்றார். நான் அதற்கு ஒரு வார்த்தை சொன்னேன். நல்ல பேச்சு என்று நினைத்துத்தான் சொன்னேன். “அரியக்குடிக்காரங்க என்னைக்கு நேரத்துக்கு வந்துருக்காக? நீங்க நல்லாச் சாப்பிடுங்க.”

மச்சான் தன் வாழ்நாளில் முதல் தடவையாக அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்.

பத்து நாள் கழித்துக் கேசட் வந்தது. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, மச்சான் குடும்பத்தையும் வரவழைத்து, கூடத்தில் போட்டோம். மாடு உள்ளே வந்தது. மாடு நின்றது. மாடு திரும்பிப் பார்த்தது. நடுக்கூடத்தில் சாணி போட்டது. நல்ல சகுனம் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஏழு நிமிடம். அடுத்து பால் பொங்கியது. அதற்கு அடுத்து நேரே பந்தி. பந்தியில் மச்சான் வாய் நிறைய இட்லியோடு நிமிர்ந்து பார்க்கிறார். அவ்வளவுதான் மச்சான். சீரும் இல்லை, மேளமும் இல்லை, அண்டாவும் இல்லை.

மச்சான் எழுந்தார். “மாட்டுக்கு ஏழு நிமிசம். எனக்கு வாய் நெறைய இட்லி. நல்லா இருக்கு மாப்ளே ஒங்க மரியாதை.”

“பேட்டரி தீந்துருச்சாம் மச்சான்” என்றேன். யோசிக்காமல் வந்த பொய். பொய்களிலேயே மோசமானது அதுதான், பிறகு மாற்ற முடியாது.

“மாட்டை எடுக்கிறப்பத் தீராத பேட்டரி, ஏன் ஆளுகளை எடுக்கிறப்பத் தீந்துச்சு? ஒங்க ஆளுக யாரோ சொல்லித்தான் நிறுத்தியிருக்காக.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான்.

போகட்டும், கோபம் தணிந்தால் வருவார் என்றுதான் இருந்தேன். ஆனால் என் மகளுக்குக் காது குத்த வேண்டும். எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அதுவும் ஒற்றைப்படை வயதில். மூன்று வயதில் ஆள் மேல் ஆள் விட்டுப் பார்த்தோம், மச்சான் அசையவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடி தரத் தயாராக இருந்தார். என் மனைவி ஒப்பவில்லை. “எங்க அண்ணன் மடி இருக்கையில இன்னொருத்தர் மடியில எம்மகளை உக்கார வைக்க மாட்டேன். காது மூடியே கிடக்கட்டும்” என்றுவிட்டாள். இப்போது மகளுக்கு ஐந்து வயது நடந்தது. அதிலும் முக்கால் பங்கு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓட்டை இல்லாத காது என்று சிரித்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து அம்மாவின் தோட்டை எடுத்துப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தாள். அன்று இரவு என் மனைவி சாப்பிடவில்லை. அவள் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் திட்டினால் ரசீதுப் புத்தகத்தில் எழுதலாம். சாப்பிடாமல் படுத்தால் எதை எழுதுவது?

ஆகவே அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த பட்டியலில் பதின்மூன்று குடும்பம். பதின்மூன்றாவது, அரியக்குடி.

ஆட்டோவில் அவர் போனார், பின்னாலேயே என் டிவிஎஸ் ஐம்பதில் நான். ஊருக்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் கூடவே போய் நின்றேன். அரியக்குடியில் பெருமாள் கோயில் பக்கத்து டீக்கடையில் இறங்கிக்கொண்டேன். “நீங்க மட்டும் போய்ட்டு வாங்கம்மா. எனக்கு முழங்கால் வலி” என்றேன். டிவிஎஸ் ஐம்பதில் உட்கார்ந்து போவதற்கும் முழங்காலுக்கும் என்ன என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், கறிவேப்பிலை, ஒரு தூக்கு நிறையப் பணியாரம்.

“ரொம்ப மரியாதையான குடும்பம் சார். எவ்வளவு உபசாரம்! வர்றேன்னு சொல்லிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.”

“என்ன கேட்டாரு?”

“வீடியோ எடுப்பீகளான்னு கேட்டார். ஆமாம், எங்க அமைப்போட மேலிடத்துக்கு அனுப்ப எடுப்போம்னு சொன்னேன். உடனே வெற்றிலையை எடுத்துக்கிட்டார்.”

“எந்த வீடியோக்காரரும்மா?” என்றேன். சொன்னார். எங்கள் ஊரில் வீடியோக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அமைதிக்கு வாய்த்தது அதே ஆள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாற்காலியும் கூடுதல் ஜமக்காளமும் போட்டிருந்தும், ஒன்பதரை மணிக்கே ஹால் நிறைந்துவிட்டது. கறிக்கடையில் கூட்டம் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் வந்தவர்களைப் பார்த்ததும் அந்த அம்மா திகைத்துவிட்டார். பெண்கள் எல்லாம் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. ஆண்கள் சலவை வேட்டி. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு தட்டு. வாழைப்பழம், தேங்காய், கல்கண்டு. டெய்லர் வீட்டில் ஓர் எவர்சில்வர் குடம்.

“இதெல்லாம் எதுக்கு சார்?” என்று என் காதோரம் கேட்டார்.

“வெத்தலை பாக்கு வாங்கிட்டு வெறுங்கையோட எப்படிம்மா வருவாக?”

அவர் மேசை மேல் களிமண் உருண்டையும் கலர் டப்பாவும் அடுக்கி வைத்திருந்தார். பட்டுச்சேலைக்காரர்கள் களிமண்ணைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், ஆளுக்கு அரையடி பின்னால் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆண்கள் நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பந்தி எத்தனை மணிக்கு?” என்றார். இன்னொருவர், “பொண்ணு மாப்பிள்ளை யாரு?” என்றார். அவர் கேலிக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கு மச்சான் வந்தார். பதினொரு தட்டோடு. பின்னால் அவர் மனைவி, பத்து வயது மகள், தட்டுத் தூக்க அக்கம்பக்கத்துப் பெண்கள். வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். வாங்க வாங்க என்று அந்த அம்மா ஓடினார். மச்சான் அவரைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தார்.

“வெளக்கு எரியலையே தம்பி?”

வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். அதற்குப் பிறகுதான் மச்சானின் வலது கால் உள்ளே வந்தது. நடந்து வந்தார் என்று சொல்ல முடியாது, தேர் மாதிரி அசைந்து வந்தார். பாதி ஹால் வந்ததும் திரும்பி, “சரியா விழுந்துச்சா? வேணும்னா இன்னொரு தரம் வரவா?” என்று கேட்டார்.

நான் ஓர் ஓரமாக நின்றேன். மகளோடு வந்திருந்த என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி, ஓர் அண்டாவைப் பார்த்தபடி இருந்தாள். மச்சானும் தட்டுகளை இறக்க வைத்துவிட்டு அதே அண்டாவின் மறுபக்கம் வந்து நின்றார். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ‘தொடாதீர்கள்’ என்ற ஒரே பலகையை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை கவனமாக அதை அந்த ஊரில் யாரும் படித்ததில்லை.

அந்த அம்மா பேச ஆரம்பித்தார். அமைதி வீட்டிலிருந்து தொடங்குகிறது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். யார் வீட்டிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. பிறகு வெள்ளைப் புறா ஒன்றின் படத்தை எடுத்துக் காட்டி, இது எதன் அடையாளம் என்று கேட்டார். வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் கை தூக்கி, சமாதானம் என்றன.

“புறாவா?” என்றார் டெய்லரின் மனைவி. “எங்க வீட்டு வளவுக்குள்ள ஒரு நாள் வந்து பாருங்க தாயி. காயப்போட்ட வத்தல்ல பாதி அதுக வயித்துல, மீதி மேல எச்சம். சமாதானமாம்ல!”

அந்த நேரம் பார்த்து மேலே மரவிட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு புறா சொத்தென்று ஒரு வெள்ளைத் தாளில் தன் பங்கைப் போட்டது. காவலாளி நீளக் கம்போடு ஓடி வந்தார். புறா விரட்டுவதுதான் அங்கே அவருக்கு முக்கால்வாசி வேலை. அமைதியை விரட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் போட்டிருந்த இடம் அது.

அந்த அம்மா சளைக்கவில்லை. புறாவை மடித்து வைத்துவிட்டு வேறு வழிக்குப் போனார். “சரி, உங்க வீட்டு அமைதியைக் கெடுத்தது எது? அதைக் குழந்தைங்க வரையட்டும். பெரியவங்க வண்ணம் தீட்டுங்க” என்றார்.

இதற்குத்தான் காத்திருந்தது போல ஹால் விழித்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு வீட்டில் நடப்பது எல்லாம் தெரியும் என்பதைப் பெற்றவர்கள் அன்றுதான் கண்டுபிடித்தார்கள். “அதை வரையாதடா!” என்று நாலு பக்கமும் கேட்டது. வாத்தியார் வீட்டில் மட்டும் ஒரு மோட்டார் பம்ப்செட் வரைந்தார்கள். என்னவென்று அவர் விளக்கவில்லை.

ஜமக்காளம் விரித்தது நான். ஆகவே மச்சான் ஜமக்காளமும் எங்கள் ஜமக்காளமும் ஒட்டி ஒட்டிக் கிடந்தது தற்செயல் அல்ல. என் மகள் ஒரு சிறுமியை வரைந்தாள். முகம் பட்டாணி அளவு, இரண்டு பக்கமும் தோள் வரை தொங்கும் ஜிமிக்கி. பக்கத்தில் மச்சான் மகள் ஒரு டிவி வரைந்தாள். டிவிக்குள் ஒரு மாடு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

அந்த அம்மா மாட்டைப் பார்த்து அசந்துபோனார். “ஆகா! தொலைக்காட்சி நம்ம கிராம வாழ்க்கையை எப்படி விழுங்கிடுச்சுன்னு இந்தக் குழந்தை எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்கு பாருங்க!” என்று தாளைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். “வீடியோ, இதை க்ளோசப் எடுங்க!”

வீடியோக்காரர் வந்தார். கேமராவில் கண்ணை வைத்தார். எடுத்தார். “அட!” என்றார். “இது நம்ம அண்ணன் வீட்டுக் குடிபோன மாடுல்ல? நெத்திச்சுட்டி!”

“அதே மாடுதான் தம்பி” என்றார் மச்சான். குரல் ஹால் முழுக்கக் கேட்டது. “அதை எடுக்க ஒங்க பேட்டரில சார்ஜ் இருந்துச்சு. எங்களை எடுக்கத்தான் இல்ல.”

நான் வீடியோக்காரருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் கண் கேமராவில் இருந்தது.

“பேட்டரியா? எங்கிட்ட எப்பவும் மூணு பேட்டரி இருக்கும்ணே. பேட்டரி தீந்து எந்திரிச்சு வந்தவன்னு எவனும் என்னையச் சொல்ல முடியாது. அன்னைக்குச் சாப்பிடக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனது இந்தா நிக்கிறாருல்ல, இந்த அண்ணன்தான். சீர் வந்துரும்ணேன்னு சொன்னேன். அரியக்குடிக்காரங்க என்னைக்கு நேரத்துக்கு வந்துருக்காக, நீங்க நல்லாச் சாப்பிடுங்கன்னாரு. நல்ல இட்லி.”

ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மூன்று வருடம் கழித்து. நான் சொன்ன நல்ல பேச்சை என்னைத் தவிர இன்னொருவரும் மனதில் எழுதி வைத்திருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் எழுந்தது மச்சான் அல்ல, என் மனைவி.

“என்னது? மூணு வருசமா பேட்டரி பேட்டரின்னு எங்கிட்டயும்ல சொன்னீக?”

“இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீ சும்மா இரு ஆத்தா, நான் கேக்குறேன்” என்றார் மச்சான். மூன்று வருடத்தில் தங்கையிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“நீங்க சும்மா இருங்கண்ணே. கட்டிக்கிட்டு அழறவ நானு, நான் கேக்குறேன்” என்றாள் அவள். அது அவள் பேசிய முதல் வார்த்தை.

“விடாத, நல்லாக் கேளு” என்று மச்சான் மனைவி பின்னாலிருந்து பலம் சேர்த்தார்.

“கேக்குறேன் மதினி. ஏங்க, எங்க ஊருக்காரவுக நேரத்துக்கு வர மாட்டாகளோ? ஒங்க ஊருல எல்லாரும் கடிகாரத்தை முழுங்கிட்டுத் திரியிறீகளோ? ஒங்க அம்மா எந்த விசேசத்துக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்காக?”

“பசிச்ச மனுசனுக்குச் சோறு போட்டது ஒரு குத்தமா?” என்றேன்.

“ஊருக்கே போடுங்க மாப்ளே, யாரு வேண்டாம்னா?” என்றார் மச்சான். “எங்க மேளச்சத்தம் கேக்குது, அப்பவாவது அவரை எந்திரிக்க விட்டிருக்கலாம்ல? ரெண்டாவது இட்லிக்குச் சாம்பார் ஊத்திக்கிட்டிருந்திருக்கீக!”

“நாலாவது இட்லிண்ணே” என்றார் வீடியோக்காரர். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அந்த அம்மா நடுவில் வந்து, “அமைதி! எல்லாரும் அமைதி!” என்று இரண்டு கையையும் தூக்கினார். வாத்தியார் அவரை மெதுவாக ஓரமாகக் கூப்பிட்டு, “விடுங்கம்மா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு” என்றார். அவ்வளவு பேரில் நடப்பது என்ன என்று விளங்கியவர் அவர் ஒருவர்தான்.

எனக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேச்சு இருந்தது. வாயைத் திறந்தேன். அப்போது பார்த்தேன், என் மனைவி என்னைத் திட்டுகிற வேகத்தில் தன் அண்ணன் கையை முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. அவரும் அந்தக் கையை அசைக்காமல், மறு கையை மட்டும் நீட்டி நீட்டி என்னைக் கேள்வி கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறிக் கொடுத்ததை நின்று வாங்கினேன். பேசாமல் இருந்து நான் சாதித்த காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். மூன்று வருடம் நான் சமாதானம் பேசிப் பேசி நடக்காதது, இரண்டு பேரும் சேர்ந்து திட்ட ஓர் ஆள் கிடைத்ததும் நடந்துவிட்டது. அந்த ஆள் நானாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறுக்கவில்லை.

திட்டி ஓய்ந்து மச்சான் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், என் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துக்கொண்டே கீழே கிடந்த ஜிமிக்கிப் படத்தைப் பார்த்தார்.

“இது யாரு வரைஞ்சது?”

“நான்தான் மாமா” என்றாள் என் மகள்.

அவர் படத்தைப் பார்த்தார், அவள் காதைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். என் மனைவி பக்கம் திரும்பி, “அஞ்சு முடிய எத்தனை மாசம் இருக்கு?” என்றார்.

“ரெண்டுதாண்ணே.”

“அடுத்த மாசத்துல ஒரு நாளு பாரு.” பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார், “வீடியோ உண்டுல்ல?”

அன்றைக்குக் களிமண்ணை யாரும் தொடவில்லை. வந்த தட்டுகளிலிருந்த வாழைப்பழத்தை வந்தவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தோம், பந்தி இல்லாத குறை பாதி தீர்ந்தது. சாமான்களை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா ஒரு மேசை ஓரத்தில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். “நிகழ்ச்சி தோல்விதான் சார். ஒருத்தர்கூட அமைதியை வரையலை” என்றார். அந்தக் கேசட்டை மேலிடத்துக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அனுப்பிவிட்டார். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்ததாகவும், குடும்பங்கள் மனம் திறந்து உரையாடியது நெகிழ்ச்சியாக இருந்தது என்று அதில் எழுதியிருந்ததாகவும் பிறகு சொன்னார். டிவிக்குள் மாடு நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்கள். கீழே ‘தொடாதீர்கள்’.

அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் காது குத்து. மச்சான் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து மடியைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கும் முன்னதாக, வீடியோக்காரரை அரியக்குடிக்கே வரவழைத்து, தன் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட வைத்து, மூன்று பேட்டரியையும் தன் கையால் தொட்டுப் பார்த்து அழைத்து வந்திருந்தார்.

மொட்டையடித்து, சந்தனம் பூசி, மகளை மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். மேளம் கொட்டியது. ஆசாரி ஊசியை எடுத்தார். விளக்கு எரிந்தது. நான் மகள் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு முன்னால் வந்தேன்.

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். “மாப்ளே, இலை போட்டாச்சு. குத்த இன்னும் நேரமாகும். நீங்க போய் நல்லாச் சாப்பிடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது என் மனைவி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மூன்று வருடமாகியிருந்தது. நான் மறுபேச்சுப் பேசாமல் பந்திக்குப் போனேன். இரண்டாவது இட்லிக்குச் சாம்பார் விழுந்தபோது மகளின் அலறல் கேட்டது.

அந்தக் கேசட் மச்சான் வீட்டில் இருக்கிறது. மாமன் மடி அதில் இருபது நிமிடம் வருகிறது, மூன்று கோணத்தில். நான் ஒரே ஓர் இடத்தில் வருகிறேன், பந்தியில், வாய் நிறைய இட்லியோடு நிமிர்ந்து பார்க்கிறேன். யார் வந்தாலும் மச்சான் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டுவார். அந்த இடம் வந்ததும் டெக்கை நிறுத்தி, என்னை அப்படியே வைத்துவிட்டு, வந்தவர்களுக்குக் காபி கொண்டுவர உள்ளே போவார்.